சுகி காலத்துக் காது

பிப்ரவரி பிறந்துவிட்டால் டோக்கியோவில் வானிலைச் செய்தியோடு மகரந்த அளவும் சொல்கிறார்கள். முதலில் சுகி மரம், அது ஓய்கிற நேரத்தில் ஹினோகி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடு கட்ட மரம் வேண்டும் என்று மலை மலையாக நட்டது. 1964இல் நிக்கோ பகுதி நோயாளிகளை வைத்துச் சுகி மகரந்த ஒவ்வாமை பற்றிய முதல் மருத்துவக் கட்டுரை வந்தது. இன்று ஜப்பானில் பத்துப் பேரில் நாலு பேருக்கு இந்த ஒவ்வாமை. பத்தாண்டில் சுகித் தோப்புகளை 20 சதவீதம் குறைப்போம் என்று 2023இல் அரசு சொன்னது. மரம் கேட்க வேண்டுமே.

டோக்கியோவின் நிஷி-கசாய்ப் பக்கம் குடியேறும் நம்மவர்களில் பலருக்கு முதல் வசந்தம் சும்மா போகும். ஒவ்வாமை ஊறச் சில வருஷம் பிடிக்கும். பிறகு தும்மல், கண் அரிப்பு, கூடவே, “காது கும்முனு இருக்குங்க.”

மூக்கின் பின்கோடியிலிருந்து நடுச்செவிக்கு ஒரு குழாய், சுமார் மூன்றரை சென்டிமீட்டர். யூஸ்டேசியன் குழாய். எப்போதும் மூடியே கிடக்கும். எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால் ஒரு கணம் திறக்கும். மகரந்தம் பட்டு மூக்குச் சவ்வு வீங்கினால் குழாயின் வாயும் வீங்குகிறது. உள்ளே இருக்கும் காற்றைச் சவ்வு உறிஞ்சிக்கொண்டே இருக்க, புதுக் காற்று வருவதில்லை. அழுத்தம் குறைந்து செவிப்பறை உள்வாங்குகிறது. மந்தம், படபடவென்ற சத்தம், சொந்தக் குரலே பானைக்குள் பேசுவதுபோல. நீர் கோத்துக்கொள்வது குழந்தைகளுக்குத்தான் அதிகம், அவர்கள் குழாய் குட்டை, படுத்தவாக்கில் இருக்கும். பெரியவர்களுக்கு அனேகமாக அடைத்து அடைத்து விடும்.

இதற்குப் பட்ஸ் போட்டுக் குடைகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. எண்ணெய் விட்டாலும் அதேதான். செவிப்பறைக்கு இந்தப் பக்கம் அழுக்கே இல்லை.

சீசனுக்குச் சற்று முன்பே மாத்திரையும் மூக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயும் தொடங்கிவிடுவது அங்கே வழக்கம். ஸ்பிரேயை மூக்கின் நடுச்சுவரில் அடிக்காமல், வெளிப்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். மூக்கை உடனே திறக்கிற சொட்டு மருந்து ருசி காட்டும். சில நாளைத் தாண்டினால் அதுவே அடைப்பைக் கொண்டுவரும்.

மார்ச்சில் விமானம் ஏறினால், இறங்கும் நேரம் தூங்காமல் மிட்டாய் சப்புவது நல்லது. மூக்கைப் பொத்தி ஊதும் வித்தை மருத்துவர் வால்சால்வாவின் 1704ஆம் வருஷப் புத்தகத்தில் இருக்கிறது. அவர் சொன்னது காதுச் சீழை வெளியேற்ற! செய்தால் மெதுவாக.

ஒரே காதில் வாரக்கணக்கில் நீர் நின்றால் மகரந்தத்தின் மேல் பழி போடக் கூடாது. குழாய் வாயருகே கட்டி உண்டா என்று ஈஎன்டி டாக்டர் உள்ளே பார்க்க வேண்டும். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே.