பேட்டரி தன்னையே தின்ற இரவு

கலிபோர்னியா, ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா, ஜம்போ ராக்ஸ் முகாம். கரண்ட் இணைப்பும் கிடையாது, தண்ணீர்க் குழாயும் கிடையாது. எங்கள் டிரெய்லரில் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இரண்டு, 2000 வாட் இன்வெர்ட்டர் ஒன்று. டிரெய்லரின் 30 ஆம்ப் கேபிளை அடாப்டர் போட்டு இன்வெர்ட்டரில் செருகியதும் உள்ளே எல்லா பிளக் பாயிண்டிலும் 120 வோல்ட் வந்துவிட்டது. மகள் லேப்டாப்பைச் செருகினாள். நிம்மதியாகப் படுத்தோம்.

நடுராத்திரி விழித்தால், கட்டிலுக்கு அடியில் சின்ன ஃபேன் ஓடும் சத்தம். 92 சதவீதம் இருந்த பேட்டரி 41-க்கு இறங்கியிருந்தது!

காரணம், டிரெய்லரின் கன்வெர்ட்டர். வெளியிலிருந்து மின்சாரம் வந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்வது அதன் வேலை. அன்று அதற்கு வந்ததே பேட்டரியின் கரண்ட்தான். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர், அங்கிருந்து சார்ஜர், மறுபடி பேட்டரி. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சூடாகி வீணாகிக்கொண்டிருந்தது. கன்வெர்ட்டரின் பிரேக்கரை அணைத்தேன். சத்தம் அடங்கியது.

இப்படி இணைக்கப் போகும் நண்பர்களே, முதலில் கன்வெர்ட்டர் பிரேக்கரை அணையுங்கள். ஃபிரிட்ஜையும் வாட்டர் ஹீட்டரையும் கேஸுக்கு மாற்றுங்கள். ஏசியைத் தொடாதீர்கள். 1000 வாட் எடுத்தாலே 12 வோல்ட் பக்கம் சுமார் 90 ஆம்பியர் ஓடும். அதனால் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே தடித்த, நீளம் குறைந்த கேபிள் போடுங்கள். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருக்கட்டும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

விடிந்ததும் சோலார் பலகைகளை வெயில் பக்கம் திருப்பி வைத்தோம். காபி கேஸ் அடுப்பில் கொதித்தது. மிச்சமிருந்த கரண்டை மகளின் படிப்புக்கு ஒதுக்கினோம். வீட்டில் ஒருநாளும் இப்படி அளந்து பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொரு சுவிட்சையும் தொடும்போது அந்த ராத்திரி நினைவுக்கு வருகிறது.