பச்சையா, வெந்ததா?

கள்ளக்குறிச்சியில் பிறந்து வளர்ந்த என் மகள் இப்போது ஜப்பானில் குடித்தனம் செய்கிறாள். ஐந்து மாதக் கர்ப்பிணியாக லீவில் வந்தவள், "கல்வராயன் மலைக்குப் போகணும்மா" என்று பிடிவாதம் பிடித்தாள். "இந்த நேரத்துல மலையா?" என்று முணுமுணுத்தார் இவர். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, காரை நிதானமாக ஓட்டச் சொல்லிக் கிளம்பினோம்.

கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டியதும் ஏற்றம். வழியெல்லாம் அவளுக்கு ஜப்பான் ஓட்டல் பேச்சுதான்.

"சுஷின்னா பச்சை மீன்தானேடி?"

"இல்லேம்மா, வினிகர் கலந்த சோறு!"

அந்தச் சோற்றைக் கையால் பிடித்து மேலே மீன் துண்டு வைத்தால் நிகிரி. கடல்பாசித் தாளில் சுருட்டினால் மாகி. சோறே இல்லாமல் மீனை மட்டும் சீவி வைத்தால் சஷிமி. அது பெரும்பாலும் பச்சை. கிருமி பயம் இருப்பதால் கர்ப்பிணிக்கு ஆகாது. அதனால் இவள் மெனுவில் தேடுவது எபி (வெந்த இறால்), உனாகி (சுட்ட விலாங்கு), தாமாகோ (முட்டை). "அமா எபின்னு இருந்தா தொடமாட்டேன். அது பச்சை இறால்." மகுரோ என்கிற சூரை மீன் வெந்திருந்தாலும் அளவோடுதான். பெரிய மீன்களில் பாதரசம் சேருமாம், வேகவைத்தாலும் போகாதாம். வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டியது கப்பா மாகி. கப்பா என்றதும் எனக்குக் கேரளத்துக் கப்பைக்கிழங்கு நினைவு வந்து சிரித்துவிட்டேன்.

வெள்ளிமலையில் ஒரு சின்னக் கடை. போர்டு கிடையாது, கடைக்கார அம்மா வாய்தான் மெனு. "சாமைச் சோறு இருக்கு, கேவுரு களி இருக்கு, குச்சிக்கெழங்கு அவிச்சிருக்கேன்." அந்த அம்மா மலையாளி. கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மலையின் பழங்குடி மக்களுக்கு அதுதான் பெயர், பேசுவது தமிழ். ஜப்பான் மெனுவைக் கரைத்துக் குடித்த என் மகள் இங்கே திருதிருவென்று விழித்தாள். "கேவுருன்னா வரகாம்மா?" இல்லை, கேழ்வரகு. வரகு வேறே தானியம்.

குச்சிக்கிழங்குதான் மரவள்ளி, கேரளத்துக் கப்பை. கடை வாசலில் குவித்திருந்ததில் உடைந்த துண்டு ஒன்றை எடுத்து, தோலைக் கீறி வாயருகே கொண்டுபோய்விட்டாள் இவள்.

"ஐயோ தாயி, கடிக்காதே! அது மில்லுக்குப் போற கெழங்கு!"

எனக்கு உயிரே போய்விட்டது. ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் கிழங்கில் கசப்பு ரகமும் உண்டு. பச்சையாக மென்றால் சயனைடு விஷம் உண்டாகும். கசப்பு ரகத்தில் அது அதிகம், அவித்தாலும் முழுக்கப் போகாது. அதனால் வாங்கும்போதே சமையல் கிழங்கா என்று கேட்க வேண்டும். அதையும் பச்சையாகத் தின்னக் கூடாது. தோலைத் தடிமனாகச் சீவி, சிறு துண்டுகளாக்கி, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வெந்த பிறகும் கசந்தால் துப்பிவிடுங்கள்.

"அங்கே அவ்வளவு விசாரிக்கிறே, இங்கே கேட்கத் தோணலையா?" என்று கடிந்துகொண்டேன். "நம்ம ஊருதானேன்னு..." என்று இழுத்தாள்.

சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் வந்தன. சோற்றை ஒரு கை அள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பொலபொலவென்று உதிர்ந்தது.

"இதுல நிகிரி வராதும்மா" என்றாள்.