அந்தப் பத்தொன்பது எண்கள்

2²⁵⁵ − 19. எழுதினால் 77 இலக்கம் வரும் பகா எண். டேனியல் பெர்ன்ஸ்டைன் 2005இல் அமைத்த கர்வ்25519 என்ற வளைவரை இதன்மேல்தான் நிற்கிறது. இந்த வளைவரையின் காவலில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புகிறவர் இந்த எண்ணை அறிய வேண்டியதில்லை. மறையாக்க நிரல் எழுதும் எங்களுக்கு இதன் குணம் அத்துப்படியாக இருக்க வேண்டும்.

அந்த உயரத்தில் பகா எண்களுக்குப் பஞ்சமில்லை. ஏறத்தாழ 177 எண்களுக்கு ஒன்று வீதம் கிடைக்கும். இதற்கு ஏன் தனி மதிப்பு? எங்கள் கணக்கில் ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் விடையைப் பகா எண்ணால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். பெரிய எண்களை வகுப்பது கணினிக்குச் சுமை. இங்கே வகுக்கவே வேண்டாம். 2²⁵⁵ஐ இந்த எண்ணால் வகுத்தால் மீதி 19. ஆகவே 255 பிட்டுக்கு மேல் வழிந்ததைத் தனியே எடுத்து, 19ஆல் பெருக்கி, கீழ்ப்பகுதியோடு கூட்டினால் போதும். 2²⁵⁵ − 31, 2²⁵⁵ + 95 ஆகியவையும் பகா எண்களே. அவற்றையும் பார்த்துவிட்டு, 19 சிறியது என்பதால் பெர்ன்ஸ்டைன் இதை எடுத்தார். 64 பிட் கணினியில் எண்ணை 51 பிட் வீதம் ஐந்து துண்டாக வைக்கிறோம். ஒவ்வொரு துண்டிலும் 13 பிட் காலியாக இருப்பதால் கூட்டியவுடனே மிகுதியை, அதாவது கேரியை, அடுத்த துண்டுக்குக் கடத்தும் அவசரம் இல்லை. இவ்வளவு இணக்கமான எண் கிடைத்தது எங்கள் பாக்கியம் என்றே சொல்வேன்.

ஆனால் 2²⁵⁵ஐ ஒட்டி நிற்கும் அதே நெருக்கத்தில்தான் வேலையின் கடினமும் இருக்கிறது. 255 பிட்டில் 2²⁵⁵ − 1 வரை எழுதலாம். பகா எண்ணிலிருந்து அதுவரை பத்தொன்பது எண்கள் மிஞ்சுகின்றன. அதனால் 0 முதல் 18 வரை ஒவ்வொன்றுக்கும் இரண்டு உருவம். அந்த மிச்ச எண்களில் ஒன்று வந்தால் பகா எண்ணை ஒருமுறை கழிக்க வேண்டும்; இந்தக் கடைசிக் கழித்தலை விட்டுவிட்டால், சமமான இரண்டு மதிப்புகளை நிரல் வேறு வேறு என்று சொல்லிவிடும். தற்செயல் எண்களைக் கொண்டு எத்தனை ஆண்டு சோதித்தாலும் அந்தப் பத்தொன்பதில் ஒன்று தட்டுப்படாது. ஆகவே அவற்றைக் கையால்தான் எழுதிவைக்க வேண்டும். என் சோதனைக் கோப்பின் முதல் வரிகள் அவைதான்.

கழிக்கும் இடத்தில் ‘இஃப்’ போடவும் முடியாது. பாதை பிரிந்தால் நேரம் மாறும். நேரத்தை அளப்பவனுக்கு ரகசியம் கசியும். எனவே எண்ணோடு 19ஐக் கூட்டி, 255 பிட்டைத் தாண்டிக் கேரி வருகிறதா என்று பார்க்கிறோம். அந்தக் கேரி 0 அல்லது 1. அதை 19ஆல் பெருக்கி மூல எண்ணோடு கூட்டி, 255 பிட்டுக்கு மேலுள்ளதை வெட்டிவிடுகிறோம். எந்த எண் வந்தாலும் அதே படிகள், அதே நேரம். இந்தத் துறையில் நான் கண்ட அழகான சில வரிகளில் இவையும் உண்டு.

இப்போது எம்ஐடியில் உருவான ஃபியட் கிரிப்டோ, இத்தகைய நிரலைக் கணித நிரூபணத்தோடு ஆக்கித் தருகிறது. கூகுளின் மறையாக்க நூலகமான போரிங்எஸ்எஸ்எல் அதைத்தான் பயன்படுத்துகிறது. நானும் எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பத்தொன்பதையும் ஓட்டிப் பார்க்காமல் விடுவதில்லை; நிரூபணம் அந்த நிரலுக்குத்தான், அதை அழைக்கும் என் வரிகளுக்கு இல்லை.