நகமும் நாதமும்

மாமாவின் மிருதங்கத்தைப் பதிவுசெய்துவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டு அவரது இடக்கை விரல்களில் நடுக்கம் தொடங்கிய பிறகே அந்த எண்ணத்துக்கு அவசரம் வந்தது. நாற்பது ஆண்டுக்காலக் கச்சேரி வாழ்வில் அவரிடம் மிஞ்சியிருந்தவை இரண்டு ஒலிநாடாக்கள். இரண்டிலும் பாட்டுக்குப் பின்னால், எங்கோ தொலைவில் அவர் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

தமிழ் கற்பிப்பவனுக்கு மைக் பற்றி என்ன தெரியும்? நண்பர் ஒருவரிடம் ஷூர் எஸ்எம்57 என்ற டைனமிக் மைக்கை இரவல் வாங்கினேன். 1965இல் அறிமுகமான அது இன்றும் டிரம்ஸ் பதிவுகளில் புழங்குகிறது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தாங்கும். தொப்பிக்கு நான்கு விரற்கடை தூரத்தில் நிறுத்தினேன். இத்தகைய ஒருதிசை மைக்கைக் கருவிக்கு அருகே கொண்டுசெல்லச் செல்ல, கனத்த ஒலிகள் மிகையாகப் பெருகும் என்பதை அப்போது அறியேன். கும்கி இடியாக முழங்கியது. வலந்தலையின் மீட்டு மங்கிப்போயிற்று.

அடுத்து ஒரு கண்டென்சர் மைக் வாங்கினேன். 48 வோல்ட் மின்னழுத்தம் தந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். அதன் சவ்வு மிக மெல்லியது; நுண்ணிய அசைவுக்கும் உடனே அதிரும். வலந்தலைக்கு அருகே வைத்தபோது கரணையின்மேல் விரல் உரசுவதுகூடப் பதிவானது. கூடவே மின்விசிறியும் பக்கத்து வீட்டுக் குக்கரும். கேட்டுவிட்டு மாமா சொன்னார்: "நகந்தான் கேக்குது மாப்ளே, நாதம் கேக்கல."

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டையும் வைத்துப் பார்த்தேன். ஒரே அடி இரு மைக்குகளையும் சற்று முன்பின்னாகச் சென்றடைகிறது. ஒரு மீட்டரைக் கடக்க ஒலிக்குச் சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும். அவ்வளவு சிறிய பிசகே போதும். இரண்டையும் கலக்கும்போது சில ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. தொப்பி வெறும் பானையாய் ஒலித்தது.

பாலக்காடு மணி ஐயர் (1912–1981) கச்சேரிகளில் மைக் கூடாது என்று பிடிவாதம் பிடித்ததை அதுவரை ஒரு மேதையின் முரண்டு என்றே நினைத்திருந்தேன்.

"சின்ன வயசுல நீ எங்க உக்காந்து கேப்ப?" என்றார் மாமா. அவருக்கு எதிரே, தூணோரம், நாலடி தள்ளி. அங்கேயே கண்டென்சரை மட்டும், உட்கார்ந்திருக்கும் சிறுவனின் காதுயரத்தில் நிறுத்தினோம். சுவர்களில் ஜமக்காளம் தொங்கவிட்டு, விசிறியை அணைத்து, ஊர் விழிக்குமுன் தொடங்கினோம். இரு முகங்களின் ஒலியும் கட்டைக்கு வெளியே கலந்து ஒன்றாவதற்குக் கொஞ்சம் தூரம் வேண்டியிருக்கிறது. முதல்முறையாக அது மிருதங்கமாகக் கேட்டது.

தனியின் நடுவில் ஓரிடத்தில் கும்கி நடுங்கிப் பிசிறியது. அதை அழித்துவிடச் சொல்லிவிட்டு மறுபடி வாசித்தார். இரண்டாவது வாசிப்பில் பிசிறே இல்லை. அவ்விடத்தில் கும்கியையே தவிர்த்துவிட்டிருந்தார்.

"முதல்ல வாசிச்சத அழிச்சிட்டியா?" என்று அண்மையில் கேட்டார்.

"அழிச்சிட்டேன் மாமா" என்றேன். இன்னும் அழிக்கவில்லை.