அவள் கைக்கு ஏற்ற துவக்கு

என் மனைவியின் காப்புச் சோடியை அவளுக்குத் தெரியாமல் அலுமாரியிலிருந்து எடுத்துக் கல்முனையில் அடகு வைத்தவன் நான். அவளுக்கே ஒரு கைத்துவக்கு வாங்குவதற்காக. காப்புக் களவு போன கதை குடும்பத்துக்குள் தெரிந்ததுதான். மாமி மௌத்தாகும் வரைக்கும் குத்திக் காட்டினார். துவக்கை எதற்காகத் தேடினேன் என்பது மட்டும் எங்கள் இருவரோடும் நின்றுவிட்டது. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன். 

மாவடிப்பள்ளி சின்ன ஊர். கிழக்கே காரைதீவு, மேற்கே சம்மாந்துறை, மற்றப் பக்கமெல்லாம் வயல். நான் சம்மாந்துறையிலிருந்து இங்கே மாப்பிள்ளையாக வந்தவன். எங்கள் கரையில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவது. வீடும் வளவும் கிணறும் அவள் பெயரில். என் பெயரில் ஒரு சைக்கிள் இருந்தது. அப்படி வந்தவனுக்கு, வீட்டுக்குக் காவலாய் இருப்பதாவது தன் பங்கு என்று தோன்றிவிடுகிறது. அந்தப் பொறுப்பை என்னிடம் யாரும் தரவில்லை.

1990 ஜூன் 11 அன்று கல்முனைப் பொலிஸ் நிலையத்தைப் புலிகள் எடுத்தார்கள். சரணடைந்த பொலிஸ்காரர்களில் முஸ்லிம்களும் சிங்களவர்களும் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்றவர்களை இரண்டு பள்ளிவாசல்களுக்குள் வைத்துச் சுட்டார்கள். நூறு பேருக்கு மேல் மௌத்து. அடுத்த கிழமை ஏறாவூர். காத்தான்குடியில் ஆண்களும் பையன்களும்தான் இறந்தார்கள். ஏறாவூரில் பெண்களையும் குழந்தைகளையும் விடவில்லை. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் ஆண்களின் பேச்சே மாறிப்போனது.

அதே நாட்களில், ஆகஸ்ட் 12 அன்று, எங்களுக்குப் பக்கத்தில் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஊர்காவல் படையினர் மேலும் அந்தப் பழி இருக்கிறது. நான் அங்கே இருக்கவில்லை, எனக்குத் துவக்குக் கிடைத்தது அதற்குப் பிறகுதான். ஆனாலும் அந்தப் படையில் போய்ச் சேர்ந்தேன், வீரமுனையைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. இதுவும் என் கணக்கில்தான் வருகிறது. வேறொரு நாள் தனியாக எழுத வேண்டியது.

எனக்குத் தந்தது ஒற்றைக் குழல் பன்னிரண்டு போர் துவக்கு. மூன்று கிலோ அளவு பாரம். ராவில் சென்றிக்குப் போனால் அது என்னோடு வந்துவிடும், வீட்டில் அவளும் ஏணையில் பிள்ளையும்தான். அதனால் அவளுக்கும் சுடப் பழக்கிவிடுவோம் என்று ஒரு பின்னேரம் வட்டைக்குள் கூட்டிப்போனேன். அரசாங்கத் துவக்கை இன்னொருவர் கையில் கொடுப்பது குற்றம் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

அவளுடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்முனைச் சந்தையில் கண்ணாடிக் காப்பு விற்கிறவர் அவள் மணிக்கட்டைப் பார்த்ததும் பெரிய ஆட்களின் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டுச் சின்னப் பிள்ளைகளின் தட்டை எடுப்பார். விரல்கள் குட்டை. அரிசி புடைக்கவும் மீன் ஆயவும் அந்தக் கை போகிற வேகத்துக்கு என் கை ஈடு நிற்காது. ஆனால் துவக்கின் பின்கட்டை ஆண்களின் கைநீளத்துக்குச் செய்தது. அதைத் தோள்குழியில் பதித்தால் அவள் விரல் விசைக்கு எட்டவில்லை. விசைக்கு எட்டினால் கட்டை தோளைவிட்டு வழுகிப் புயத்துக்குப் போனது. அப்படியே சுடச் சொன்னேன். உதை புயத்தில் அடித்துத் துவக்கு சேற்றில் விழுந்தது. அவள் அழவில்லை. சேலையால் துவக்கைத் துடைத்து என்னிடம் தந்துவிட்டு வீட்டை நோக்கி நடந்தாள். புயம் கத்தரிக்காய் நிறத்துக்குக் கன்றியிருந்ததை ராவு பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதுதான் கண்டேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குப் பட்டதோ வேறு. பிழை துவக்கின் நீளத்தில்தான், குட்டையானது ஒன்று வேண்டும், சேலை மடிப்புக்குள் மறைய வேண்டும், அவள் எங்கே போனாலும் இடுப்பில் இருக்க வேண்டும்.

வெளியே நான் சொன்ன காரணம் இதுதான்: தனியே இருக்கிற பொம்பளை தன்னைக் காத்துக்கொள்ள வேணும். கேட்ட கூட்டாளிகள் மெச்சினார்கள். உள்ளே இருந்த காரணம் சென்றியில் பிறந்தது. ஒரு ராவு, ஊரில் மதிப்பான பெரியவர் ஒருவர், பிடிபட்டால் நம்முடைய பொம்பளைகளின் கதி என்ன என்று பேச்செடுத்தார். ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசியில் அவர், அந்த நிலைமை வந்தால் அவர்கள் கையில் ஒரு தோட்டாவாவது இருக்க வேணும் என்றார். அது வருகிறவனுக்கான தோட்டா அல்ல என்று அங்கே இருந்த எல்லாருக்கும் விளங்கியது. நாங்கள் தலையாட்டினோம். ஐந்து வேளை தொழுகிற ஆட்கள், தற்கொலை ஹராம் என்று ஓதிக்கொடுத்து வளர்த்த ஆட்கள், ஒருவராவது மறுத்துப் பேசவில்லை. மானம் என்று நாங்கள் சொன்னது எங்களுடைய மானத்தை. அதற்கு விலையாக வைத்தது அவர்களுடைய உயிரை.

துவக்கு விற்கிற ஆளைப் பிடிப்பது அந்தக் காலத்தில் கஷ்டமில்லை. ஆளின் பெயரும் ஊரும் வேண்டாம். காப்பை வைத்து எடுத்த காசைக் கொடுத்தேன். ஒரு மஃரிபுக்குப் பிறகு சாக்குத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார்: ஒரு ராவைக்கு வைத்துப் பாருங்கள், பிடித்தால் மிச்சக் காசு. அது ப்ரௌனிங் என்று பிறகுதான் அறிந்தேன். 1935 இல் பெல்ஜியத்தில் செய்யத் தொடங்கிய ரகம், பிடிக்குள் 13 தோட்டாக்கள் இரண்டு வரிசையாக நெருங்கி நிற்கும். அதனால் பிடி தடிப்பு. என் கையில் எடுத்தபோது நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குசினியில் குப்பி விளக்கு வெளிச்சத்தில், தோட்டாக்களை எடுத்துவிட்டு அவள் கையில் வைத்தேன். பிடியைச் சுற்றி விரல்கள் பாதி வழிதான் போயின. சுட்டுவிரலின் நுனி மட்டும் விசையைத் தொட்டது, அதற்கும் மணிக்கட்டைக் கோணலாகத் திருப்ப வேண்டியிருந்தது. மேல்தகட்டைப் பின்னால் இழு என்றேன். இழுத்தாள், அசையவில்லை. முழங்கால்களுக்கிடையில் வைத்து இழுத்தாள். பாதி வந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதையைக் கடித்துக்கொண்டு திரும்பியது. ரத்தம் வந்த கையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இத்தால நான் ஆரச் சுடுற? வாறவனுகள் ஒருத்தன் ரெண்டு பேராவா வருவானுகள்?"

நான் பேசவில்லை.

"இஞ்சாருங்க, உங்களத்தான் கேக்கிறன். அப்ப, எனக்கா?"

அப்போதும் பேசவில்லை. இல்லை என்று ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாம். பொய்யாகவேனும்.

அவள் ஏணைப் பக்கம் திரும்பினாள். "அப்ப புள்ளைக்கு?"

பிள்ளையைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை. சென்றியில் பேசிய எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். தாய் போன பிறகு அந்த ஏணையை யார் ஆட்டுவது என்பது எங்கள் வீரத்துக்குள் வரவேயில்லை.

அவள் சத்தம் போடவில்லை. குசினிக் கதவைக் காட்டினாள். அதன் கொழுக்கி உடைந்து ஐந்தாறு மாதமாகியிருந்தது, கயிற்றால் கட்டி வைத்திருந்தாள். "இதப் பூட்டித் தாங்கெண்டு எத்தினை தரம் சொன்னன்? என்னால ஏலாட்டி ராத்தாட ஊட்ட போய் இருக்கன் எண்டன். நீங்க அதுக்கும் உடல்ல." உண்மை. அவளுடைய ராத்தா சாய்ந்தமருதில் இருந்தார். பெண்சாதியை அக்கா வீட்டுக்கு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்று நான்தான் மறித்திருந்தேன்.

சுபஹுக்கு முன்னமே சாக்கைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்த காசில் பாதிக்கு மேல் திரும்பி வரவில்லை, களவுச் சாமானுக்கு ரசீதா கேட்பது? கொழுக்கி அன்றே பூட்டினேன். காப்பு இல்லாதது கொஞ்ச நாள் கழித்து ஒரு கலியாண வீட்டுக்குப் புறப்படும்போது வெளியானது. உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு கலியாணத்துக்கு வந்தாள். மாமி கேட்டபோது என் பொய்யையே திருப்பிச் சொன்னாள். மகாபோகம் வெட்டி வேளாண்மை விற்றதும் காப்பை மீட்டேன். அந்தச் சோடியை அவள் பிறகு போட்டதில்லை. மகளின் கலியாணத்துக்கு உருக்கிவிட்டோம்.

வெட்கம் என் வாயைக் கட்டியது, ஆனால் விஷயத்தை விட வைக்கவில்லை. கொஞ்சம் கையில் காசும் பிறகு இன்டர்நெட்டும் வந்ததும் சின்னக் கைக்கு எந்தத் துவக்குப் பொருந்தும் என்று வாசித்துக்கொண்டே இருந்தேன். பெண்ணுக்குச் சின்னதாய், பாரமில்லாததாய்க் கொடுத்தால் போதும் என்றுதான் செய்கிறவர்களும் வெகுகாலம் நினைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸன் 1902 இலேயே 'லேடிஸ்மித்' என்று ஒரு குட்டி ரிவால்வரைச் செய்தது, 1989 இல் அந்தப் பெயரை மறுபடி எடுத்தது. இந்தியாவில், டெல்லியில் ஒரு மாணவி கொல்லப்பட்டு ஒரு வருடம் கழித்து, 2014 ஜனவரியில் கான்பூர் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. அரைக் கிலோ பாரம், ஆறு தோட்டா, அப்போது விலை ஒரு இலட்சத்து இருபதாயிரம் இந்திய ரூபாய்க்கு மேல். அதை மெரூன் நிற நகைப்பெட்டியில் வைத்து விற்றார்களாம். அதை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பாரம் குறைந்தால் உதை கூடும். கைத்துவக்கில் குட்டை விரலுக்குச் சங்கடம் அதன் நீளத்தால் வருவதல்ல. பிடியின் சுற்றளவும், உள்ளங்கையிலிருந்து விசைக்கு உள்ள தூரமும், மேல்தகட்டின் சுருள்வில்லும்தான் காரணம். ரிவால்வரில் இழுக்கத் தகடு இல்லை, ஆனால் விசையை ஒவ்வொரு தரமும் நெடுக இழுக்க வேண்டும், விரல் சோர்ந்துவிடும். 2018 இல்தான் அதே ஸ்மித் கம்பனி சுலபமாகத் தகடு இழுபடும் 'ஈஸி' என்ற ரகத்தைக் கொண்டுவந்தது. இதெல்லாம் எனக்கு விரல் நுனியில் இருக்கிறது. ஒரு நெல் மில்லுக்காரனுக்கு எதற்கு?

என் மகளுக்கும் உம்மாவின் கைதான். அவள் புருஷன் கட்டாரில். 2024 இல் ஒரு ராவு கோல் எடுத்தார். "மாமா, உங்கட மகளும் புள்ளைகளும் தனிய. மில்லுட பேர்ல ஒரு பிஸ்டலுக்கு லைசன் எடுக்கேலாதா? அவட கைக்கு எது தோதுப்படும்?"

லைசன் எடுக்கிற ஆளுக்குத்தான், பெண்சாதிக்குக் கைமாற்ற ஏலாது, 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அப்படி, பாதுகாப்பு அமைச்சு வருடா வருடம் புதுப்பிக்கும் என்று தொடங்கினேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். பிடியின் சுற்றளவு, சுருள்வில், விசை என்று ஒரு மணித்தியாலம் பேசினேன். நல்ல உற்சாகமாகப் பேசினேன். அடுத்த அறையில் மனைவி விழித்திருந்தாள். சத்தம் கேட்டிருக்கும்.

அந்த வருடம் அமைச்சு, தற்காப்புக்கென்று பொதுமக்களுக்குக் கொடுத்த துவக்குகளை நவம்பர் 7 ஆம் திகதிக்கு முன் வெலிசறையில் ஒப்படைக்கச் சொன்னது. அந்த மாதக் கடைசியில் வெள்ளம். 26 ஆம் திகதி மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் எங்கள் மாவடிப்பள்ளியில் தண்ணீரோடு போனது. ஊர் முழுக்க நாட்கணக்காகத் தேடலிலும் ஜனாஸாவிலும் நின்றது. மருமகன் பிஸ்டல் பேச்சை விட்டுவிட்டார். நான் தடுத்ததால் அல்ல.

பெருநாளைக்கு லீவில் வருகிறார். எனக்குத் தெரிந்த விபரமெல்லாம் அவரிடம் சொல்லியாயிற்று, எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அவர் என்னிடம் திருப்பிக் கேட்பார்.