அக்காவின் மாத்திரை தங்கைக்கு ஆகுமா?

ஆதிச்சநல்லூருக்கு வருகிறவர்கள் பரம்பைப் பார்க்கத்தான் வருகிறார்கள். 2023-ல் திறந்த கண்ணாடித் தளத்தின் மேல் நின்று, கீழே கிடக்கும் முதுமக்கள் தாழிகளைப் படம் எடுத்துக்கொண்டு, ஸ்ரீவைகுண்டம் பக்கம் போய்விடுவார்கள். அதே ஊரில் ஒரு வீட்டில் மூன்று தலைமுறையாக இறங்கி வருகிற சொத்து ஒன்று இருக்கிறது. நகையும் இல்லை, நஞ்சையும் இல்லை. வீக்கம்!

முதலில் ஆச்சி. பல் பிடுங்கிவிட்டு வந்த அன்று ராத்திரி உதடு தடித்தது, பிறகு முகம், பிறகு தொண்டை. விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. காத்துக் கருப்பு என்றார்கள். அடுத்தது அவர் மகன். இருபத்தெட்டு வயதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவரைக் குடல்வால் என்று சொல்லி அறுத்துப் பார்த்தார்கள்; குடல்வால் நன்றாகவே இருந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அவருடைய இரண்டு பெண்களுக்கும் வயசுக்கு வரும் பருவத்தில் ஆரம்பித்தது. ஒரு தடவை கை, ஒரு தடவை கண்ணிமை, ஒரு தடவை காரணமே தெரியாத வாந்தியும் வயிற்றுவலியும். ஒவ்வொரு முறையும் அலர்ஜி ஊசி. ஒவ்வொரு முறையும் வீக்கம் இரண்டு மூன்று நாள் இருந்து தானாகத்தான் வடிந்தது.

மூத்தவள் சென்னையில் வேலை பார்த்தபோதுதான் ஒரு மருத்துவர், "அரிப்பு இருக்கா? தடிப்பு வருமா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. "வீட்டில் வேறு யாருக்காவது?" என்றார். ஆச்சி கதை வெளியே வந்தது. ரத்தத்தில் சி4 அளவு பார்த்தார்கள், குறைவு. பிறகு சி1 இன்ஹிபிட்டர் பார்த்தார்கள், அதுவும் குறைவு. பரம்பரை ஆஞ்சியோ எடிமா என்று எழுதிக் கொடுத்தார். சுமார் ஐம்பதாயிரம் பேரில் ஒருவருக்கு வருகிற நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. 1888-லேயே வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் ஐந்து தலைமுறையாக இது தொடர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்.

நம் உடம்பில் கல்லிகிரைன் என்று ஒரு நொதி இருக்கிறது. அது கட்டுமீறிப் போகாமல் பிடித்து வைப்பதுதான் சி1 இன்ஹிபிட்டரின் வேலை. பிடி தளர்ந்தால் பிராடிகைனின் என்ற பொருள் பெருகி, ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வீக்கமாகிறது. அலர்ஜியில் வேலை செய்வது ஹிஸ்டமின். இங்கே அதற்கு வேலையே இல்லை. அதனால்தான் செட்ரிசினும் ஸ்டீராய்டும் அட்ரினலினும் கேட்பதில்லை. ஊசி போட்டும் கேட்காத வீக்கம் என்றால் அதுவே ஒரு துப்பு. அந்த வீட்டில் அந்தத் துப்பைப் பிடிக்க இரண்டு தலைமுறை ஆயிற்று.

மூத்தவள் கல்யாணமாகி நியூஜெர்சி போனாள். 2025 ஜூலையில் அமெரிக்காவில் செபெட்ரல்ஸ்டாட் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. வீக்கம் தொடங்கியதும் வாயில் போட்டு விழுங்கக்கூடிய முதல் மருந்து, அதுவரை ஊசிதான். கல்லிகிரைனையே நேராகத் தடுக்கிறது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 600 மில்லிகிராம், அதாவது 300 மில்லிகிராமில் இரண்டு மாத்திரை. போதவில்லை என்றால் மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு முறை. ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. அவளுடைய டாக்டர் எழுதிக் கொடுத்தார், கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

செய்தி ஊருக்கு வந்தது. அம்மா சும்மா இருப்பாளா?

"பொங்கலுக்கு வாரப்போ ஒரு பத்து மாத்திரை கொண்டு வாட்டி, தங்கச்சிக்கு."

"அது என் பேருக்கு எழுதுனதும்மா. அவ இப்போ வேற என்ன மாத்திரை சாப்பிடுதா?"

"ஒண்ணுமில்ல. படர்தாமரைக்கு மெடிக்கல்ல ஒரு காப்சூல் குடுத்தாம்லா, அதத்தான் ஒரு மாசமா முழுங்குதா."

"அட்டையில என்ன எழுதிருக்குன்னு வாசிக்கச் சொல்லு."

இட்ராகொனசோல். மூத்தவள் தன் மாத்திரைத் தாளை எடுத்துப் பார்த்தாள். கூடவே சாப்பிடக் கூடாத வகை. கல்லீரலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதியை இட்ராகொனசோல் அடக்கிவிடும். மருந்து ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறும். சளி, நெஞ்சுத்தொற்றுக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசினும் அதே ரகம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன் இவை நேர் எதிர்: மருந்து வேலை செய்யும் முன்பே கரைத்து விரட்டிவிடும். கல்லீரல் நோய் மிதமாக இருந்தால் அளவைப் பாதியாக்க வேண்டும். கடுமையாக இருந்தால் கொடுக்கவே கூடாது. படர்தாமரைக் காப்சூலைச் சீட்டே இல்லாமல் கொடுக்கிற கடைகள் நம் ஊர்களில் எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவுக்குக் கோபம். "அங்க ஒருத்தி நிம்மதியா இருக்கா, இங்க ஒருத்தி எந்நேரமும் பயந்துகிட்டு கெடக்கா." அது நியாயமான கோபம்தான். மூத்தவள் மறுநாள் தன் டாக்டரிடம் கேட்டாள். நோயாளியைப் பார்க்காமல், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று தெரியாமல், ஒருத்திக்கு எழுதியதை இன்னொருத்திக்குக் கொடுப்பதற்கு அவரும் தலையாட்டவில்லை. இன்னொன்றும் சொன்னார். ஆய்வில் 600 மில்லிகிராம் எடுத்தவர்களில் பாதிப்பேருக்கு வீக்கம் தணியத் தொடங்க 1.79 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களுக்கு 6.72 மணி நேரம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் தொண்டை வீக்கம் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருக்குமா? குரல் மாறினாலோ, விழுங்கக் கஷ்டமானாலோ, மாத்திரை கையில் இருந்தால் போட்டுக்கொண்டு அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும் போக வேண்டும்.

இளையவளைத் திருநெல்வேலியில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். காப்சூல் நின்றது, பூசும் மருந்து வந்தது. தினமும் போட டிரானெக்ஸாமிக் அமிலம் எழுதினார். டனசோல் பற்றிப் பேச்சு வந்தபோது, அது ஆண் ஹார்மோன் சாயலுள்ள மருந்து, கர்ப்பமானால் கூடவே கூடாது, கல்லீரலைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், கல்யாண வயதுப் பெண்ணுக்கு இப்போது வேண்டாம் என்றார். தினமும் போடும் மாத்திரை வீக்கம் வராமல் தடுக்கத்தான். வந்த பிறகு நாலைந்து சேர்த்து விழுங்கினால் வடியாது என்பதை இரண்டு தடவை சொன்னார். மாதவிலக்குக் கோளாறுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வேண்டாம். அப்பாவிடம், ரத்தக்கொதிப்புக்கு எனாலப்ரில், ராமிப்ரில் யார் எழுதினாலும் நோயின் பெயரைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள் என்றார். பல் பிடுங்குவது என்றால் முன்கூட்டியே வந்து பார்க்க வேண்டும்.

அவசரத்துக்கு? ரத்த வங்கி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் உறைய வைத்த பிளாஸ்மா ஏற்றலாம். அதில் இவளுக்குக் குறைகிற சி1 இன்ஹிபிட்டர் இருக்கிறது. அபூர்வமாக வீக்கத்தைக் கூட்டிவிடுவதும் உண்டு. அதனால் மூச்சுக்குழாய் வைக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். தூத்துக்குடியானாலும் திருநெல்வேலியானாலும் அந்த ஊரிலிருந்து வண்டியில் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். எனவே முகம் தடித்ததும் 108-ஐக் கூப்பிட வேண்டும். பார்த்துக்கொள்ளலாம் என்று உட்காரக் கூடாது.

டாக்டர் ஒரு தாளில் நோயின் பெயர், "இது அலர்ஜி அல்ல", கொடுக்கக் கூடாத மருந்துகள், பிளாஸ்மா என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இளையவள் அதை லேமினேட் செய்து காலேஜ் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். ஒரு பிரதி அப்பாவின் சட்டைப் பையில்.

பொங்கலுக்கு மூத்தவள் வந்தாள். மாத்திரை கொண்டு வந்தாள், தனக்கு மட்டும். அவளுடைய நாலு வயது மகனுக்கு இன்னும் ரத்தம் பரிசோதிக்கவில்லை.

"எப்போ பாக்கப் போற?" என்றாள் அம்மா.

திரும்பிப் போனதும் என்றாள்.