பாதியில் மூடிய புத்தகம்

"ஒரே புத்தகத்தை எத்தனை தடவைதான் படிப்பீங்க, அத்தை?" என்கிறாள் மருமகள்.

சிவகாசிப் பக்கம் பிறந்தவள் நான். பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவேன். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. பசை காய்ந்த விரலோடுதான் சோறு.

கல்யாணமாகி விருதுநகர் வந்த புதிதில், ராஜம் கிருஷ்ணனின் 'கூட்டுக் குஞ்சுகள்' நாவல் கிடைத்தது. தீப்பெட்டித் தொழிலில் உழைத்த பிள்ளைகளின் கதை. எனக்கு ஒரே கோபம்! 'எங்க கஷ்டம் இவங்களுக்கு என்ன தெரியும்? எங்க அம்மா என்ன கல்நெஞ்சுக்காரியா?' என்று பாதியிலேயே மூடிவிட்டேன்.

1996-ல் சுப்ரீம் கோர்ட், குழந்தையை ஆபத்தான வேலையில் வைத்த முதலாளி, பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஊரெல்லாம் அதே பேச்சு. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நாவலை மறுபடி எடுத்தேன். அந்த எழுத்தாளர் நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறவர் என்பதும் அதற்குள் தெரிந்திருந்தது. மகளின் பிஞ்சு விரல்களைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. இந்தத் தடவை கோபம் அம்மா மேல்!

அம்மா போன பிறகு மூன்றாம் தடவை படித்தேன். பரீட்சை நாளில் என்னைப் படிக்கச் சொல்லிவிட்டு, என் பங்குப் பெட்டியையும் சிம்னி வெளிச்சத்தில் அம்மா ஒட்டி முடித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது அந்த ஞாபகம்?

சகோதரிகளே, பிடிக்கவில்லை என்று எந்தப் புத்தகத்தையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பரணில் இருக்கட்டும். பத்து வருஷம் கழித்து எடுத்துப் பாருங்களேன்!